ஊதாச் சாயம்

வெள்ளி இரவுகளில்
வோல்டா ஏரிக்கரையில், டோர்கோர் துறைச் சபையில்
முரசடிப்பவன் நான்.
திங்கள் முதல்
அரசு மருத்துவமனை ஆய்வகத்தில்
இரத்தத்துக்குள் காய்ச்சலைத் தேடுகிறவன்.
விரல்நுனியில் ஏறிய ஊதாச் சாயம்
எந்தச் சோப்புக்கும் போவதில்லை.
முரசுத் தோலின் வலப்பக்கம்
நான்கு ஊதா வட்டங்கள் இருக்கும்,
பாருங்கள்.

அன்று நள்ளிரவு தாண்டியிருந்தது.
தகரக் கூரையின் கீழ்
இருநூறு பேரின் வியர்வை.
அக்பேகோ போதகர் கையை உயர்த்த
நான் வேகத்தைக் கூட்டினேன்.
பொய் சொல்லமாட்டேன்:
அந்த வேகத்தில் தேவன் இருந்தார்.
என் முழங்கைக்குள் இருந்தார்.
மீன்காரிகளின் கம்மிய தொண்டைக்குள் இருந்தார்.
ஆய்வக நண்பர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.

முன்வரிசைப் பாயில்
எசினாமின் மகன் யாய்ரா.
நாலு வயது. மூன்றாம் நாள் காய்ச்சல்.
விடியுமுன் விடுதலை என்று
பந்தயம் கட்டியதுபோல் ஜெபித்தார்கள்.
அவன் கண் மேலே செருகியது.
கால் வெட்டி வெட்டி இழுத்தது.
"ஆவியானவர் அசைவாடுகிறார்!"
யாரோ கத்த, சபையே எழுந்தது.

எனக்குத் தெரியும் அது என்னவென்று.
தெரிந்தும்
எட்டு முறை அடித்தேன்.
எண்ணியிருக்கிறேன்.
எண்ணுவதுதானே என் பிழைப்பு.

ஒன்பதாவதற்குக் கை இறங்கவில்லை.

முரசு நின்றால்
ஒரு சபை எப்படித் திரும்பும் தெரியுமா?
கல்யாண வீட்டில்
விளக்கை அணைத்தவனைப் பார்ப்பதுபோல்.
"விசுவாசமில்லையா, செனானு?"
போதகர் குரலில் கோபமில்லை,
பயம் இருந்தது.
மூன்று நாள் உபவாசத்தில்
உதடு வெடித்திருந்தது அவருக்கு.
எனக்கு வசனம் எதுவும் வரவில்லை.
"சாவி என்னிடம் இருக்கிறது" என்றேன்.
ஆய்வகச் சாவியைச் சொன்னேன்.

மோட்டார் சைக்கிள் அவருடையது.
ஓட்டியவன் நான்.
நடுவில் பிள்ளையோடு எசினாம்,
கடைசியில் அவர்,
பள்ளம் வரும்போதெல்லாம் இயேசுவே, இயேசுவே.

நர்ஸ் ஜிஃபா தூக்கக் கண்ணோடு
முதலில் ஊசி போட்டாள்,
அப்புறம்தான் என்னிடம் ஒரு சொட்டு தந்தாள்.
சாயம் ஊறப் பத்து நிமிடம்.
எந்த ஜெபமும் அதை அவசரப்படுத்தாது.
மின்சாரம் இல்லை.
நுண்ணோக்கியின் கீழே
போதகர் டார்ச் பிடித்தார்.
"ஆடாமல் பிடியுங்கள் பாஸ்டர்."
பிடித்தார்.
நீல மோதிரங்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கல்.
அவரும் குனிந்து பார்த்தார், வெகுநேரம்.
"இவ்வளவு அழகாகவா இருக்கும்?" என்றார்.

அவரிடம் சொல்லாததை
இங்கே சொல்கிறேன்.
இரண்டு மழைக்காலம் முன்பு
இதே மேசையில்
இதே மோதிரங்களை எண்ணினேன்.
பெண் குழந்தை. பெயர் கேட்கவில்லை.
சீட்டில் அறுபத்தொன்று.
சரியாக எண்ணினேன், சரியாக எழுதினேன்,
அடிக்கோடும் போட்டேன், சிவப்பில்.
வெள்ளிக்கிழமை, மணி ஐந்து.
சீட்டைத் தட்டில் வைத்துப் பூட்டிவிட்டு
ஆராதனைக்கு ஓடினேன்.
திங்களன்று
சீட்டு தட்டிலேயே இருந்தது.
கட்டில் காலியாக இருந்தது.

அறிவு அன்று ஒரு குறையும் வைக்கவில்லை.
சபையிலும் அக்கினிக்குப் பஞ்சமில்லை.
ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடுவே
நாற்பது அடி வராந்தா.
அதில் ஓடத்தான் ஆளில்லை.

யாய்ரா இப்போது
பாய்மேல் குதித்து அடி வாங்குகிறான்.
காய்ச்சல் பிள்ளைகள் முதலில் ஜிஃபாவிடம்,
பிறகு என்னிடம் என்று
போதகர் பீடத்தில் நின்று சொன்ன ஞாயிறு
இரண்டு குடும்பம் சபையை விட்டுப் போனது.
போனவர்களில் ஒருவர்
என்னைச் சந்தையில் கண்டால் தரையில் துப்புவார்.

வெள்ளி இரவு
முரசு என்னைக் கொண்டுபோகிறது, போகட்டும்.
ஆனால் எட்டு அடித்ததும்
ஒரு கணம் நிறுத்துகிறேன்.
தாளம் தவறிவிட்டேன் என்று நினைக்கிறார்கள்.
நான் பாய்களைப் பார்க்கிறேன்,
ஒவ்வொன்றாக,
எண்ணி.